கம்ப்யூட்டர் கொள்ளாத ஒப்பாரி

7 ஜூன் 1998, ஞாயிறு

பேக்டரியில் வாரத்துக்கு ஒரே ஒரு நாள் லீவு. அதுவும் போச்சு. காலையில் நான் தோசைக்கல்லை அடுப்பில் வைத்தேன், அத்தை பிஸ்கட் டின்னைக் கம்ப்யூட்டர் தலையில் வைத்தார்.

கம்ப்யூட்டர் மகள் இந்திராணியுடையது. பினாங்குக்குப் படிக்கப் போகும்போது பூப்போட்ட துணியால் மூடி, யாரும் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனாள். டின்னுக்குள் கேசட்டுகள். எல்லாம் ஒப்பாரி. நாங்கள் புக்கிட் பெலண்டோக் ரப்பர் தோட்டத்தில் இருந்தபோது எங்கள் லயத்து வீடுகளுக்கே ஒரு ரேடியோ கேசட்தான், அது மாமனாருடையது. யார் செத்தாலும் தூக்கிக்கொண்டு போவார். பெண்கள் அழுவதைப் பதிவு செய்து ஒரு காப்பியை இந்தியாவில் இருக்கும் சொந்தக்காரர்களுக்கு அனுப்பி வைப்பார். வர முடியாதவர்கள் கேட்டாவது அழட்டும் என்று. இன்னொரு காப்பி டின்னுக்குள் போகும். பாடுவது எப்போதும் அதே இரண்டு பேர். ஒன்று அத்தை, அதாவது என் மாமியார் தாயம்மா, இன்னொன்று அவருடைய ஓரகத்தி மாரியம்மா.

"பஞ்சாலை, இதையெல்லாம் அந்தப் பொட்டியில ஏத்தி, பளபளன்னு இருக்குமே சிடி, அதுல எறக்கிக் குடு. நான் செத்தா போடணும்."

"ஏன் அத்தை, நாங்க அழமாட்டோமா?"

"யாரு, நீயா? உங்க மாமா செத்தப்ப காப்பி கலக்கிக்கிட்டு நின்னவதானே நீ. ஒரு சொட்டு வந்துச்சா? எம்மவன் அழுவான், ஆம்பள அழுக அரை நிமிசம்லா. பேத்தி இங்கிலீஷ்ல அழுவா. என் பொணம் ஊமப் பொணமா போகணுமா?"

தோசை கருகிவிட்டது.

மாமா செத்த அன்றைக்கு வந்தது ஊர் முழுக்க. காப்பி யார் கலப்பது, செத்தவரா? எனக்குக் கண்ணீர் வராது. என் சொந்த அப்பா போனபோதும் வரவில்லை, நாற்காலி போதுமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வராததை என்ன செய்ய, துணி மாதிரி பிழிந்தா எடுக்க முடியும்? ஆனாலும் வயிறு எரிகிறது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்தக் கிழவிக்குச் சோறு போடுகிறவள் நான். என் கண்ணை நம்பாமல் கேசட்டை நம்புகிறார்.

சரி. செய்து கொடுக்கிறேன். என் அழுகையே தேவைப்படாத மாதிரி செய்து கொடுக்கிறேன்.

9 ஜூன், செவ்வாய்

இந்திராணிக்குப் போன் போட்டேன். "அம்மா, அது அசைன்மெண்ட் செய்ற கம்ப்யூட்டர்லா" என்றாள். பாட்டி சாகும்போது வேண்டுமாம் என்றேன். சரி, எடுத்துக்குங்க என்று போனை வைத்துவிட்டாள்.

14 ஜூன், ஞாயிறு

கம்ப்யூட்டரோடு வந்த குட்டி மைக்கை ரேடியோ கேசட்டுக்கு முன்னால் ஒரு கப்பில் நிற்கவைத்தேன். கேசட்டை ஓடவிட்டேன். அவ்வளவுதானே வேலை என்று நினைத்தேன்.

பதிவானது இவ்வளவு: அத்தையின் ஒப்பாரி, என் குக்கர் விசில், ரொட்டிக்காரன் ஹார்ன், லோரியைக் கழுவிக்கொண்டே என் வீட்டுக்காரர் துப்பியது, எல்லாவற்றுக்கும் மேலே அத்தையின் இன்றைய குரல், "இந்த எடத்துல எனக்கு இருமல் வந்துச்சு, அடக்கிட்டேன் பாரு." இருபது வருஷத்துக்கு முந்திய அத்தை அழ, இன்றைய அத்தை அதற்கு விளக்கம் சொல்கிறார்.

அதுவும் சரியாக ஒரு நிமிடத்தில் நின்றுவிட்டது. மறுபடி அமுக்கினேன், மறுபடி ஒரு நிமிடம். அத்தை என்னையும் கம்ப்யூட்டரையும் மாறிமாறிப் பார்த்தார்.

"உன்ன மாதிரியேதான் இருக்கு. ஒரு நிமிசத்துக்கு மேல அழமாட்டேங்குது."

நான் பதில் சொல்லியிருந்தால் இன்றே சிடி தேவைப்பட்டிருக்கும்.

20 ஜூன், சனி

சிரம்பானில் கம்ப்யூட்டர் கடைச் சீனரிடம் போனேன். மைக் வேண்டாம், ஒயர் போதும் என்றார். ஒரு முனை ரேடியோவின் இயர்போன் ஓட்டையில், மறுமுனை கம்ப்யூட்டரின் முதுகில். ஒரு நிமிடத்தில் நிற்காத வேறு புரோகிராமும் கொடுத்தார். என்ன பாட்டு ஏற்றப்போகிறீர்கள் என்று கேட்டார். செத்தவருக்கு அழுகிற பாட்டு என்றேன். மிச்சக்காசை என் கையில் தராமல் மேசையில் வைத்தார்.

ஒயர் அருமை. குக்கர் கேட்கவில்லை, ரொட்டிக்காரன் கேட்கவில்லை. திரையில் சத்தம் பச்சைக் கோடாக மேலும் கீழும் போகிறது. அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார்.

"இதான் என் அழுகையா?"

"ஆமா அத்தை."

"புழு மாதிரி நெளியுது. இன்னும் கொஞ்சம் பெருசா அழுதிருக்கலாம் போல."

பூசணம் பிடித்த இரண்டு கேசட்டுகளைப் பஞ்சில் துடைத்து, பென்சில் விட்டுச் சுற்றினேன். மூன்றாவதில் பாதி ஏறும்போது திரையில் ஒரு கட்டம் வந்து நின்றது. கம்ப்யூட்டரில் இடம் இல்லையாம்.

"என்னா சொல்லுது?"

"நெறஞ்சு போச்சாம் அத்தை."

அத்தை முகத்தில் வந்த பெருமையைப் பார்க்க வேண்டுமே. மகன் கல்யாணத்தில்கூட அப்படிச் சிரித்ததில்லை.

24 ஜூன், புதன்

வேலை விட்டு வருவதற்குள் எங்கள் ரஹாங் வட்டாரம் முழுக்கப் பரவிவிட்டது. "உங்க அத்தை அழுகைய கம்ப்யூட்டர் தாங்கலையாமே" என்று ராமகிருஷ்ணன் மனைவி என்னிடமே கேட்கிறாள். ராமகிருஷ்ணன் நாலு வீடு தள்ளி இருக்கிறார், எங்கள் வட்டார மரண சகாய சங்கத்துச் செயலாளர். சாவு வீட்டுக்கு நாற்காலி, கூடாரம், வேன் எல்லாம் அவர் பொறுப்பு. அத்தை அவரையே கூப்பிட்டு, "நான் செத்தாத்தான் அந்த சிடி பாடும். பாடுறது கேட்டா நீ நாற்காலிய எறக்கிடு" என்று சொல்லிவைத்திருக்கிறார். அவரும் தலையாட்டியிருக்கிறார். பக்கத்து வீட்டுச் சீனக் கிழவிக்கு மலாயில் விளக்கியாயிற்று.

இந்திராணியின் விளையாட்டுகளையெல்லாம் அழித்து இடம் பண்ணினேன். அவளுக்குச் சொல்லவில்லை.

28 ஜூன், ஞாயிறு

பெரிய சிக்கல். ஒப்பாரியில் எல்லாம் அடுத்தவர் பேர் வருகிறது. செத்தது அவர்கள், அவர்கள் பேர்தானே வரும். அத்தைக்கு அது பிரச்சினையே இல்லை. பாசாரில் மீன் பொறுக்குவதுபோல ஒவ்வொரு சாவிலிருந்தும் நல்ல வரியாகப் பொறுக்கச் சொல்கிறார்.

தோட்டத்தில் ஆள் மேய்த்த மண்டோர் திருநாவுக்கரசு சாவில் ஒரு வரி:

சிங்க நட நடந்து செகப்பு ரோட்டுல வந்தாலே
முறுக்கு மீசையிலே மூணு ஊரு பயந்ததய்யா

"இது எனக்கு வேணும்."

"மீசை வருதே அத்தை."

"மீசைய வெட்டிடு. நடைய வை."

வெட்டினேன். திரையில் எந்தப் புழு மீசை என்று தெரியாமல் வெட்டியதில் 'முறு' மட்டும் மிச்சம் நின்றுவிட்டது. இப்போது அத்தை சிங்க நடை நடந்து வந்து முறு என்கிறார்.

அடுத்தது தோட்டத்து ஆபீஸ் கிராணியின் அம்மா சாவு. 'பத்து வெரலுக்கும் பவுனு மோதிரமாம்' என்று ஒரு வரி. அத்தை விரலில் ஒரு மோதிரமும் இல்லை. "சாவுல யாரு வந்து எண்ணப் போறா" என்றார்.

எல்லாவற்றையும்விட மோசம், அவர் குரலுக்குப் பின்னாலேயே இன்னொரு குரல் வருகிறது. மாரியம்மா, அதாவது என் பெரியத்தை. அத்தை ஒரு வரி எடுத்தால் பெரியத்தை மறுவரியைப் பிடிப்பார், கடைசியில் இருவரும் சேர்ந்து இழுப்பார்கள்.

"அந்தப் பொம்பள சத்தத்த எடுத்துடு."

"முடியாது அத்தை. ரெண்டும் ஒரே கோட்டுல ஏறியிருக்கு. பால்ல கலந்த தண்ணிய எடுக்க முடியுமா?"

"அப்ப யாரு பாலு, யாரு தண்ணி?"

இதற்கு என்ன பதில் சொன்னாலும் எனக்குச் சோறு இறங்காது. நீங்கதான் பால் என்றேன்.

5 ஜூலை, ஞாயிறு

மாமனார் சாவுக் கேசட் இன்று ஓடியது. இவர்கள் இருவரும் பேசாமல் போனது அந்த நாளோடுதான். எண்பத்தொன்பதில். ஒப்பாரி என்றால் நாலு வார்த்தை குத்தலும் வரும், அது எல்லா ஊரிலும் உள்ளதுதான். செத்தவரைத் தூக்கும் வரைக்கும் சொல்வதற்கெல்லாம் யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. ஆனால் பெரியத்தை அன்று, புருஷனைப் பறிகொடுத்த அத்தையைக் கட்டிப் பிடித்துக்கொண்டே பாடியது இது:

கேட்ட தண்ணி தந்தாளோ, கெட்ட வார்த்த தந்தாளோ – என்
கொழுந்தனாரே, முன்ன
காதடச்சுப் போனவரே, இப்ப கண்ணடச்சுப் போனதென்ன

கேசட்டில் பின்னால் யாரோ சிரிப்பது தெளிவாகக் கேட்கிறது. அது நான் இல்லை என்று இவர் சத்தியம் செய்கிறார்.

அத்தை எழுந்து போய்விட்டார். நான் அந்த இடத்தை மட்டும் வெட்டிவிட்டு வந்து, "போயிடுச்சு அத்தை" என்றேன். அவர் முந்தானையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அவ பாடினது எனக்குக் கோவமில்ல புள்ள. மறுநாள் வந்து, சும்மாதான் பாடினேன் தாயின்னு ஒரு வார்த்த சொல்லுவான்னு பாத்தேன். வரல. அடுத்த நாளும் வரல. அப்புறம் நாங்க ரஹாங்குக்கு வந்துட்டோம்."

நானாக இருந்தால் நேரே போய்க் கேட்டிருப்பேன். இவர் ஒன்பது வருஷமாகக் காத்திருக்கிறார். என்ன பிடிவாதமோ. அந்தப் பக்கமும் அதே பிடிவாதம்தான் போல.

11 ஜூலை, சனி

பேர் பிரச்சினை தீர்ந்தது. அடுத்தவர் பேர் வரும் இடத்திலெல்லாம் 'தாயம்மா' என்று ஒட்ட வேண்டும். யார் சொல்வது? நான் சொன்னேன். கிளினிக்கில் பேர் கூப்பிடுவதுபோல இருக்கிறது என்று தள்ளிவிட்டார். இவர் சொன்னார். லோரியை ரிவர்ஸ் எடுக்கச் சொல்வதுபோல இருந்தது. கடைசியில் அத்தையே மைக்கைக் கையில் வாங்கிக்கொண்டு, "தாயம்மா, என் தங்கமே, என்ன விட்டுட்டுப் போனியே" என்று இழுத்தார்.

இழுத்தவர் நிறுத்தவில்லை. உண்மையாகவே அழ ஆரம்பித்துவிட்டார். தன் சாவுக்குத் தானே. மூக்கு சிவந்து, மார்பில் அடித்துக்கொண்டு. முடிந்ததும் ஒரு மைலோ கேட்டார், கொஞ்சம் கெட்டியாக.

16 ஜூலை, வியாழன்

சிடி வந்துவிட்டது. சிடி எழுதும் மிஷின் கடையில்தான் இருக்கிறது என்பதால் கம்ப்யூட்டர் பெட்டியையே கழற்றி, தலையணை வைத்து, இவர் லோரியில் முன்சீட்டில் உட்காரவைத்துக் கொண்டுபோனோம். அத்தை கேட்டில் நின்று வழியனுப்பினார். எனக்கு அப்படி ஒரு நாளும் வழியனுப்பியதில்லை.

சீனக் கடைக்காரர் தட்டின்மேல் என்ன எழுத என்று கேட்டார். தாயம்மா என்று நானே எழுதினேன்.

18 ஜூலை, சனி

வரிசையாக எழுதினால்தான் எனக்கே புரியும்.

ஆடி பிறந்து இரண்டாம் நாள். காலையில் சிடியை ஹாலில் இருக்கும் பெரிய செட்டில் போட்டோம். நன்றாகத்தான் இருந்தது. அத்தைக்கு ஒரு சந்தேகம் வந்தது. "நின்னு கேக்குறதும் படுத்துக் கேக்குறதும் ஒண்ணா? நான் அன்னிக்குப் படுத்துத்தானே கேப்பேன்." நடுஹாலில் பாயை விரித்து, தெற்கே தலைவைத்துப் படுத்து, கைகளை மார்பில் சேர்த்துக்கொண்டார். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து ஓடுகிற பட்டனை அமுக்கச் சொன்னார். இவர் டயர் மாற்றப் போனார். நான் பாசாருக்குக் கிளம்பினேன். திருட்டுப் பயம், அதனால் வாசல் இரும்புக் கிரில்லை வெளியே பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டேன். இருமல் மருந்து குடித்திருக்கிறார், தூங்கிப்போவார் என்று யோசிக்க வேண்டியது நான். யோசிக்கவில்லை.

மீன் வாங்கிக்கொண்டு திரும்பி வருகிறேன். பக்கத்து வீட்டுச் சீனக் கிழவி தன் கேட்டில் சிவப்புத் தாள் ஒட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் சாவு என்றால்தான் அவர்கள் ஒட்டுவார்கள். யார் வீட்டில் என்று திரும்பிப் பார்த்தேன். எங்கள் வாசலில் ராமகிருஷ்ணன் நாற்காலி இறக்கிக்கொண்டிருந்தார். சங்கத்து ஆட்கள், தெருப் பெண்கள் எல்லாரும் கிரில்லைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்க்கிறார்கள். உள்ளே சிடி பாடுகிறது.

எனக்குத் தெரியும். சிடியை ஓடவிட்டது நான்தான், அவர் படுத்ததை என் கண்ணால் பார்த்தேன். தெரிந்தும் ஒரு சந்தேகம். ஒருவேளை நான் போன நேரத்தில் – எழுபது வயது – படுத்தவர் படுத்தபடியே –

"வந்துட்டியாம்மா. மனச தேத்திக்க" என்றார் ராமகிருஷ்ணன். "சாவியில்லாம நாங்க வெளியவே நிக்கிறோம்."

"அசஞ்ச மாதிரி இருந்துச்சேங்க" என்றாள் ஒருத்தி.

"அது மேல சுத்துற காத்தாடி காத்து."

எல்லோரும் என் முகத்தையே பார்க்கிறார்கள். ராமகிருஷ்ணன் மனைவி பக்கத்தில் நின்றவளிடம் சொன்னது என் காதில் விழுந்தது. "பாரு, ஒரு சொட்டு வருதா பாரு." வரவில்லை. ஆனால் சாவி பூட்டில் ஏற மாட்டேன் என்கிறது. தலைகீழாகப் போடுகிறேன், மறுபடி திருப்பிப் போடுகிறேன். மீன் பை கீழே விழுந்துவிட்டது. ராமகிருஷ்ணன்தான் சாவியை வாங்கித் திறந்தார்.

போய் அத்தை காலைத் தொட்டேன். சூடாக இருந்தது. கண்ணைத் திறந்தார்.

"மீன் வாங்கியாச்சா?"

பின்னால் ஒரு நாற்காலி விழுந்த சத்தம். சீனக் கிழவி கிரில்லுக்கு வெளியிலிருந்து என்னிடம் மலாயில் கேட்டாள், செத்துவிட்டாரா என்று. "பெலும்" என்று சொல்லிவிட்டேன். இன்னும் இல்லை. வாயில் வந்தது அதுதான். அத்தைக்கு மலாய் நன்றாகவே தெரியும்.

"இன்னும் இல்லையா? என்னா, நேரம் குறிச்சு வச்சிருக்கியா?"

இவர் அப்போதுதான் ஓடிவந்தார், ஒரு காலில் செருப்பு இல்லாமல், அழுதுகொண்டே. டயர் கடையிலேயே யாரோ சொல்லிவிட்டார்களாம். உயிரோடு இருக்கும் அம்மாவைப் பார்த்ததும் இன்னும் சத்தமாக அழுதார். அரை நிமிடத்துக்கு மேலேயே. அத்தைக்குத் திருப்தி.

இறக்கிய நாற்காலி இறக்கியதுதான். எல்லாரும் உட்கார்ந்தார்கள். நான் காப்பி கலந்தேன். வேறென்ன.

அதோடு முடிந்திருந்தால் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். ராமகிருஷ்ணன் மெதுவாக என்னிடம் வந்து, தோட்டத்துக் கடைக்கும் போன் போட்டுச் சொல்லிவிட்டேனே என்றார். அவர் சொல்லி வாய் மூடவில்லை, வாசலில் டாக்ஸி.

பெரியத்தை இறங்கினார். ஒன்பது வருஷத்தில் பாதியாகிவிட்டார். தலைமுடியை அவிழ்த்துவிட்டு, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, கேட்டைப் பிடித்ததுமே ஆரம்பித்துவிட்டார். யார் போய் நிறுத்துவது? நான் இரண்டடி வைத்தேன். அத்தை என் கையைப் பிடித்து இழுத்து, கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டார். "இரு. நான் கேக்கணும்" என்றார்.

சண்ட பிடிக்க ஆளு இல்ல, சாதம் எனக்கு எறங்கலியே – என்
கூடப் பொறக்காத தங்கச்சியே
சும்மாதான் பாடினேன்னு சொல்ல வந்தேன், வாசலுல
ஊரு செருப்பக் கண்டு திரும்பிட்டேனே, செத்த பின்ன வந்தேனே

காப்பி குடித்துக்கொண்டிருந்தவர்கள் கப்பைக் கீழே வைத்தார்கள். பெரியத்தை முதல் வரி எடுத்துவிட்டு, பழக்கத்தில், மறுவரிக்காக நிறுத்தினார். அந்த இடத்தில் யாராவது பிடிக்க வேண்டும். யாரும் இல்லை. இரண்டாம் தடவையும் நிறுத்தினார்.

அத்தைக்கு அதற்குமேல் முடியவில்லை. கதவுக்குப் பின்னாலிருந்து பிடித்துவிட்டார்.

ஒம்பது வருசமா ஒரு வார்த்த அனுப்பலியே – என்
அக்காளே, இப்ப
ஒப்பாரிக்கு வந்தவளே, உசுரோட வந்தாலென்ன

பெரியத்தை முந்தானையை எடுத்தார். அத்தையைப் பார்த்தார். கையிலிருந்த பையால் அத்தை தோளில் ஒன்று போட்டார். அப்புறம் இன்னொன்று. மூன்றாவது ஓங்கும்போது கட்டிக்கொண்டார்கள், கேசட்டில் கேட்கிற அதே இழுவையில், இரண்டு குரலும் ஒன்றாக. சிடி உள்ளே பாடிக்கொண்டேதான் இருந்தது. யாரும் அதைக் கேட்கவில்லை. நான் போய் நிறுத்தினேன்.

19 ஜூலை, ஞாயிறு

அத்தை விடியற்காலையிலேயே வருகைப் பதிவு எடுக்கிறார். யார் வந்தார்கள், யார் வரவில்லை, யார் வெற்றிலை மென்றுகொண்டே வந்தார்கள். சி ரூசா ஊரிலிருந்து தம்பி மகன் வரவில்லையாம். "அவனுக்கு என் சாவுல வேல இல்ல" என்று தீர்ப்பு.

பெரியத்தை நேற்று இங்கேயே தங்கிவிட்டார். சிடியைப் போட்டுக் கேட்டார். அவர் கேட்ட முதல் கேள்வி, "என் சத்தம் ஏன் கொறஞ்சிருக்கு?" இரண்டாவது கேள்வி, "சிங்க நட நடந்து, அப்புறம் என்னாது அது, முறு?"

2 ஆகஸ்ட், ஞாயிறு

மூன்றாம் வாரமாகப் பெரியத்தை வந்துபோகிறார். இன்று விஷயத்தை உடைத்தார்கள். பெரியத்தை தோட்டத்து வீட்டில் தனியாக இருக்கிறார், மகன் கோலாலம்பூரில். அத்தை அங்கே போகப் போகிறாராம். ஆவணி பிறந்ததும்.

"ரெண்டு பேரும் ஒண்ணா இருந்தா, முன்ன போறவளுக்குப் பின்ன போறவ பாடலாம்ல" என்றார் பெரியத்தை.

"பின்ன போறவங்களுக்கு யாரு பாடுறது?" நான்தான் கேட்டேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தால்தானே.

அத்தை ஷெல்பைக் காட்டினார். "அதுக்குத்தானே சிடி செஞ்சு வச்சிருக்கு."

இவர் முகம் தொங்கிவிட்டது. எனக்கு ஒன்றுமில்லை. நல்லதுதான். அந்த அறையில் கம்ப்யூட்டரைப் போடலாம். ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணி வரைக்கும் தூங்கலாம். கருகின தோசையை யாரும் எடுத்துக் காட்ட மாட்டார்கள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நான் சாமியிடம் கேட்டது இதுதானே.

16 ஆகஸ்ட், ஞாயிறு

மூட்டை கட்டுகிறார். என்னை ஒன்றும் தொடவிடவில்லை. நானும் கேட்கவில்லை.

24 ஆகஸ்ட், திங்கள்

காலை ஷிப்ட். பேக்டரி வேன் ரோட்டு முனையில் நிற்கும் நேரத்தில்தான் இவர் லோரியில் அத்தையின் கட்டிலை ஏற்றிக்கொண்டிருந்தார். அத்தை முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டார். மடியில் கைப்பை.

பிரஷர் மாத்திரை சாப்பாட்டுக்கு முந்தி, இருமல் மருந்து பிந்தி என்று சொல்லத்தான் லோரியின் கதவருகே போனேன். "பிரஷர் மா" வரைக்கும் வந்தது. அதற்குமேல் வேறு ஏதோ வந்துவிட்டது. எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியவில்லை. யூனிபார்மோடு, சாப்பாட்டு டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு, நடுரோட்டில் நின்று, ஐயோ, நான் போட்ட சத்தம். வேன்காரன் ஹார்ன் அடிக்கிறான். சீனக் கிழவி வெளியே வந்துவிட்டாள். நிறுத்தணும்னு பாக்குறேன், நிக்கமாட்டேங்குது.

அத்தை மெதுவாகக் கீழே இறங்கினார். என் முன்னால் வந்து நின்று, பாசாரில் மீன் செவுளைத் திறந்து பார்ப்பதுபோல என் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வார்த்த இல்லாம அழுறியே புள்ள. யாருக்காக அழுறேன்னு சாமிக்கு எப்படித் தெரியும்?"

"உங்களுக்காகத்தான் அத்தை."

"அப்படிச் சொல்லிட்டு அழு."

சொல்லிவிட்டு அழுதேன். அவர் நின்று கடைசி வரைக்கும் கேட்டார். பிறகு கைப்பையைத் திறந்து, சிடியை எடுத்து என் சாப்பாட்டு டப்பாவின் மேல் வைத்தார். "நீயே வச்சுக்க. எனக்கு வேணாம்" என்றார். இவர் கையைப் பிடித்து ஏற்றிவிட்டார். லோரி கிளம்பிப் போனது.

வேன் போய்விட்டது. பஸ் பிடித்து லேட்டாகத்தான் போனேன். மலாய்க்கார சூப்பர்வைசர் திட்டத்தான் வந்தாள், என் முகத்தைப் பார்த்துவிட்டு நின்றாள்.

"என்ன ஆச்சு, வீட்டில் யாருக்காவது ஏதாவதா?"

யாருக்கும் ஒன்றுமில்லை, மாமியார் தோட்டத்துக்கே போய்விட்டார் என்றேன்.

"அதுக்கா அழுதாய்?"

அதுக்குத்தான் என்றேன். உட்கார்ந்து வேலையைப் பார்த்தேன்.